வந்து மறையும் சிவப்பு விளக்கு: ஸ்போர்ட்ஸ் காரின் மின்னேற்றப் பழுதை ஆராயும் முறை

மோட்டார் வண்டியின் சாவியைத் திருப்பியவுடன் ஓட்டுநரின் எதிரே ஒரு சிறு சிவப்பு விளக்கு எரிகிறது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அது அணைந்துவிடுகிறது. பாட்டரிக்கு மின்சாரம் ஏறுகின்றது என்பதற்கு அதுவே அடையாளம் என்று ஓட்டுநர் கொள்கிறார். ஆனால் சில வண்டிகளில் அணைந்த விளக்கு மீண்டும் தோன்றுவதுண்டு. குளிர்ந்த காலையில் அது வருவதில்லை. ஒரு மணி நேரம் ஓடி இயந்திரம் சூடேறிய பிறகு மங்கலாக ஒளிர்கிறது. மழை இரவில் முகப்பு விளக்குகளையும் கண்ணாடித் துடைப்பானையும் இயக்கினால் வருகிறது; அவற்றை நிறுத்தினால் மறைகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்று நிறுத்தினாலோ, சுவடே இல்லாமல் ஒளிந்துகொள்கிறது.

இத்தகைய வண்டிக்குச் செய்யப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒரே வகையானது. முதலில் புதிய பாட்டரி வைக்கப்படுகிறது. சில நாட்கள் விளக்கு வருவதில்லை, பிறகு வருகிறது. அடுத்து மின்சாரம் உண்டாக்கும் கருவி மாற்றப்படுகிறது. அதன் பின் ரெகுலேட்டர் மாற்றப்படுகிறது. பணம் செலவாகிறது, பழுது இருந்த இடத்திலேயே இருக்கிறது. இறுதியில் ஓர் இரவு முகப்பு விளக்குகள் மஞ்சள் நிறமாகித் தேய்ந்து, தீப்பொறி வலுவிழந்து, வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறது. வேகமாகச் செல்லும் வண்டியில் இருட்டில் விளக்கு இழப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவு தொல்லைக்கும் அடிப்படை ஒன்றே. அந்தச் சிவப்பு விளக்கு எதை அளக்கின்றது என்பது சரியாக அறியப்படுவதில்லை. அதை அறிந்தவர், சாதாரண வோல்ட்மீட்டர் ஒன்றைக் கொண்டே, எப்பொருளையும் மாற்றுவதற்கு முன்பாகப் பழுதின் இருப்பிடத்தைச் சுட்டிவிடலாம்.

ஒரு வண்டி, இருவகை மின்னாக்கி

இப்பொருளை விளக்குவதற்கு எம்.ஜி.பி. என்னும் ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் மிகவும் ஏற்றது. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உற்பத்தி செய்யப்பட்ட இவ்வண்டி, 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் விற்பனையாயிற்று. அவற்றுள் பல இன்றும் ஆர்வலர்களின் பராமரிப்பில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதன் 1,798 கன சென்டிமீட்டர் இயந்திரம், இந்தியாவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரில் நெடுங்காலம் பொருத்தப்பட்ட 1,489 கன சென்டிமீட்டர் இயந்திரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இவ்வண்டியின் பழுதுகள் இந்திய மெக்கானிக்குகளுக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல.

எம்.ஜி.பி.யின் வரலாற்றில் மின்னேற்றக் கருவிகளின் வரலாறும் அடங்கியுள்ளது. தொடக்க கால வண்டிகளில் டைனமோ இருந்தது. அவ்வண்டிகளில் பாட்டரியின் பாசிட்டிவ் முனை உடற்கூட்டோடு இணைக்கப்பட்டிருந்தது. 1967-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த இரண்டாவது மாதிரியில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்ட்டர்னேட்டர் இடம் பெற்றது. உடற்கூட்டோடு இணையும் முனையும் நெகட்டிவாக மாற்றப்பட்டது. 12 வோல்ட் அமைப்புக்காக 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு, இருக்கைகளின் பின்னே தரைப்பலகையின் கீழ்த் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. 1970-களின் நடுவில்தான் ஒற்றை 12 வோல்ட் பாட்டரி வந்தது.

இவ்வமைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இயந்திரமும் மின்னாக்கியும் வண்டியின் முன்புறத்தில் உள்ளன. பாட்டரியோ பின்புறத்தில் உள்ளது. இடையே நீண்ட கம்பி தரையின் அடிப்பக்கமாகச் செல்கிறது. சாலை நீரும் சேறும் அதன்மேல் படுகின்றன. பாட்டரிகள் இரண்டாக இருப்பதால் அவற்றின் முனைகளும் நான்காகின்றன. முனைகள் பெருகப் பெருக, பழுது ஏற்படக்கூடிய இடங்களும் பெருகுகின்றன.

விளக்கு சொல்வது யாது?

எச்சரிக்கை விளக்குக்கு இரண்டு முனைகள் உள்ளன. ஒரு முனைக்குப் பாட்டரியின் மின்னழுத்தம் சாவியின் வழியே வந்து சேருகிறது. மறுமுனை மின்னாக்கியோடு இணைந்துள்ளது. இயந்திரம் ஓடாதபோது மின்னாக்கியின் பக்கத்தில் அழுத்தம் இல்லை, எனவே பாட்டரியிலிருந்து விளக்கின் ஊடே மின்னோட்டம் பாய்கிறது, விளக்கு எரிகிறது. இயந்திரம் ஓடி, மின்னாக்கியின் அழுத்தம் பாட்டரிப் பக்கத்து அழுத்தத்துக்குச் சமமாகும்போது, இரு முனைகளுக்கும் இடையே வேறுபாடு இல்லாமற் போகிறது. வேறுபாடு இல்லையெனில் மின்னோட்டம் இல்லை, விளக்கு அணைகிறது.

எனவே இவ்விளக்கு மின்னேற்றத்தின் அளவைக் காட்டும் கருவி ஆகாது. ஒரு தராசின் முள்ளைப் போல, இரண்டு இடங்களின் அழுத்தங்கள் சமமா, அல்லவா என்பதை மட்டுமே அது தெரிவிக்கின்றது. தராசின் முள்ளாவது எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதையும் காட்டும். இவ்விளக்கோ அதையும் காட்டாது. மின்னாக்கியின் பக்கம் தாழ்ந்தாலும் எரியும்; பாட்டரியின் பக்கம் தாழ்ந்தாலும் எரியும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, மின்னேற்றம் செவ்வனே நடந்துகொண்டிருக்கும்போதும் விளக்கு மங்கலாக ஒளிரக்கூடும். சாவியின் உட்தொடர்புகள் தேய்ந்து, விளக்குக்கு வரும் அழுத்தம் ஒன்றிரண்டு வோல்ட் குறைந்துவிட்டால், மின்னாக்கியின் பக்கமே உயர்ந்து நிற்கும். விளக்கு எதிர்த்திசை மின்னோட்டத்தால் ஒளிரும். இந்நிலையில் புதிய ஆல்ட்டர்னேட்டரைப் பொருத்துவது வீண் செலவேயாகும்.

இரண்டாவது, விளக்கு அணைந்திருக்கும்போதும் பாட்டரி பட்டினி கிடக்கக்கூடும். மின்னோட்டம் திரும்பிவரும் எர்த் பாதையில் தடை ஏற்பட்டால், விளக்கின் இரு முனைகளிலும் அழுத்தம் சமமாகவே இருக்கும். பாட்டரிக்குக் கிடைக்கும் அழுத்தம் மட்டும் குறையும். விளக்கு எச்சரிப்பதில்லை. சில வாரங்களில் பாட்டரி வலுவிழந்து நிற்கும். பழி பாட்டரியின் மேல் விழும்.

ஆல்ட்டர்னேட்டர் உள்ள வண்டியில் இவ்விளக்குக்கு மற்றொரு கடமையும் உண்டு. ஆல்ட்டர்னேட்டரின் சுழலும் பகுதி ஒரு மின்காந்தம். அது மின்சாரம் உண்டாக்கத் தொடங்குவதற்கு முதலில் சிறிதளவு மின்னோட்டம் வெளியிலிருந்து கிடைக்க வேண்டும். 2.2 வாட் விளக்கின் ஊடே பாயும் சுமார் 0.18 ஆம்பியர் மின்னோட்டமே அத்தொடக்கத்தை அளிக்கின்றது. ஆதலால் விளக்கு எரிந்துபோன வண்டியில், இயந்திரம் மிகுந்த வேகத்தை எட்டும் வரை மின்னேற்றம் தொடங்காமலே இருக்கலாம். இக்காலத்தில் சிலர் பழைய இழை விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. விளக்கைப் பொருத்துகின்றனர். அதன் ஊடே செல்லும் மின்னோட்டம் மிகக் குறைவு. ஆகவே அதற்கு இணையாகத் தக்க மின்தடை ஒன்றைச் சேர்க்காவிடில் அதே கோளாறு தோன்றலாம். சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிகின்றதா என்று பார்ப்பதே ஆய்வின் முதற்படி.

டைனமோ வண்டிக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. இயந்திரம் மெதுவாக ஓடும்போது டைனமோவின் அழுத்தம் போதாமையால் விளக்கு சற்றே மினுக்குவது இயல்பு. வேகம் கூடியதும் அது அணைந்துவிடுமானால் அதைப் பழுதெனக் கருத வேண்டியதில்லை.

பழுது ஏன் வந்து வந்து போகிறது?

முற்றிலும் அறுந்த கம்பியால் ஏற்படும் பழுது எப்போதும் இருக்கும். அதைக் காண்பது எளிது. வந்து மறையும் பழுதுக்குப் பெரும்பாலும் காரணமாவது, அறுபடாமலும் நன்கு பொருந்தாமலும் இருக்கும் இணைப்பே. செம்பும் பித்தளையும் ஈயமும் இரும்பும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிகின்றன. தளர்ந்த இணைப்பு குளிரில் பொருந்தியிருந்து, சூட்டில் விலகலாம். இயந்திரத்தின் அதிர்வு அதை அசைக்கலாம். மழையின் ஈரம் துருவை வளர்க்கலாம். பாட்டரியின் அமில ஆவி முனையின்மேல் வெண்மையும் பசுமையுமான உப்பைப் படியச் செய்யலாம்.

அத்தகைய இணைப்பின் தடை மிகச் சிறியது. அதனால் விளையும் கேடு மிகப் பெரியது. எடுத்துக்காட்டாக, ஆல்ட்டர்னேட்டரிலிருந்து வரும் கம்பியின் முனையில் 0.05 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாகக் கொள்க. பகலில் 4 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும்போது அங்கே இழக்கப்படும் அழுத்தம் 0.2 வோல்ட் மட்டுமே. எவரும் அதை உணரமாட்டார். இரவில் எல்லா விளக்குகளும் எரிந்து 30 ஆம்பியர் செல்லும்போது இழப்பு 1.5 வோல்ட் ஆகிறது. பாட்டரிக்கு 14.2 வோல்ட்டுக்குப் பதிலாக 12.7 வோல்ட்டே கிடைக்கிறது. அதைக் கொண்டு பாட்டரிக்கு மின்னேற்றம் செய்ய இயலாது. அச்சிறு இணைப்பில் 45 வாட் வெப்பமும் உண்டாகிறது. வெப்பம் துருவை மிகுவிக்கிறது. துரு தடையை மிகுவிக்கிறது. தடை மேலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. இவ்வாறு பழுது தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது.

இத்தடையை ஓம்மீட்டரால் காண முயல்வோர் ஏமாற்றம் அடைவர். சாதாரண மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையே இதைவிடப் பல மடங்கு இருக்கும். மேலும், மீட்டர் அனுப்பும் மிகச் சிறு மின்னோட்டத்துக்கு, பல இழைகளுள் ஒன்றே மிஞ்சிய கம்பியும் நல்ல கம்பியாகவே தோன்றும். பழுதுற்ற இணைப்பு சுமையின் கீழ்த்தான் தன் குணத்தைக் காட்டும். ஆகவே, விளக்குகளை எரியவிட்டு, இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே இழக்கப்படும் அழுத்தத்தை வோல்ட்மீட்டரால் அளப்பதே நேரிய முறை.

எர்த் பட்டையின் கதை

வண்டியின் மின்சாரம் ஒரு கம்பியால் செல்கிறது. இரும்பு உடற்கூட்டின் வழியே திரும்புகிறது. இயந்திரமோ ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்துள்ளது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எனவே இயந்திரத்தையும் உடற்கூட்டையும் இணைக்கப் பின்னிய செம்புப் பட்டை ஒன்று பொருத்தப்படுகிறது. இயந்திரத்தை இறக்கி ஏற்றும்போது இப்பட்டையை மீண்டும் மாட்ட மறந்துவிடுவது பட்டறைகளில் அறியாத செய்தியன்று.

பட்டை இல்லாவிடினும் வண்டி ஓடக்கூடும். மின்னோட்டம் வேறு வழிகளைத் தேடிக்கொள்கிறது. சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர் கம்பி முதலியன இயந்திரத்தையும் உடற்கூட்டையும் இணைப்பதால், அவற்றின் ஊடே அது பாய்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியரை இழுக்கும்போது அம்மெல்லிய கம்பி கை வைக்க முடியாத அளவு சூடேறும், புகையும் எழலாம். சோக் கம்பி இறுகி நகராமல் நிற்பதைக் கண்டவர் அதற்கு எண்ணெய் இடுவதோடு நில்லாமல், எர்த் பட்டையையும் பார்ப்பது நலம்.

ஆராயும் ஒழுங்கு

வந்து மறையும் பழுதுக்கு முதற் கருவி குறிப்பேடு. விளக்கு எப்போது வந்தது, இயந்திரம் சூடா குளிரா, மழையா வெயிலா, வேகம் என்ன, எந்தெந்த மின்சாதனங்கள் இயங்கின என்பவற்றை ஒரு வாரம் எழுதி வந்தால், பாதி ஆராய்ச்சி முடிந்ததாகும். முகப்பு விளக்குகளை ஏற்றும்போது மட்டும் எச்சரிக்கை விளக்கு ஒளிருமானால் ஆல்ட்டர்னேட்டரிலிருந்து வரும் முதன்மைக் கம்பியை ஐயுற வேண்டும். கண்ணாடித் துடைப்பான், காற்று விசிறி போன்ற, சாவி வழியே மின்சாரம் பெறும் சாதனங்களை இயக்கும்போது ஒளிருமானால் சாவியையும் அதன் இணைப்புகளையும் ஐயுற வேண்டும். ஈரமான காலையில் கிறீச்சென்ற ஒலியோடு வந்து, சிறிது நேரத்தில் மறையுமானால் பெல்ட் வழுக்குகிறது. மேடு பள்ளங்களில் மினுக்குமானால் தளர்ந்த செருகியோ தேய்ந்த பிரஷ்ஷோ காரணமாகலாம்.

அடுத்து கண்ணால் காணத்தக்கவற்றைக் காண வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி, பெல்ட்டின் நீண்ட பகுதியின் நடுவே விரலால் அழுத்தினால் சுமார் 13 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். மிகத் தளர்ந்தால் வழுக்கும். மிக இறுகினால் பேரிங் தேயும். பாட்டரி முனைகளைக் கழற்றிப் பளபளக்கத் துலக்கி, இறுக மாட்டி, வாஸ்லின் பூச வேண்டும். ஆல்ட்டர்னேட்டரின் பின்புறச் செருகி தளர்ந்துள்ளதா, கருகியுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகப் பாட்டரியின் நிலை. வண்டியைச் சில மணி நேரம் நிறுத்திவைத்த பின் அளக்கும்போது, முழு மின்னேற்றம் பெற்ற ஈய-அமிலப் பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.2 வோல்ட் என்பது ஏறக்குறையப் பாதி நிலை. 12 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதாகக் கொள்ளலாம். குறைந்த நிலையிலுள்ள பாட்டரியை முதலில் வெளியே மின்னேற்றிய பிறகே மற்றச் சோதனைகளைத் தொடர வேண்டும்.

நான்காவதாக, இயந்திரத்தை மிதமான வேகத்தில் ஓடவிட்டுப் பாட்டரியின் முனைகளில் அளக்க வேண்டும். ஆல்ட்டர்னேட்டர் உள்ள பழைய வகை வண்டியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது நலம். முகப்பு விளக்குகளை ஏற்றினாலும் இது பெரிதும் குறையலாகாது. குறைந்தால், அதே நிலையில் ஆல்ட்டர்னேட்டரின் முனையில் அளக்க வேண்டும். அங்கும் குறைந்திருந்தால் குற்றம் ஆல்ட்டர்னேட்டரையோ பெல்ட்டையோ சேர்ந்தது. அங்கே நிறைந்தும் பாட்டரியில் குறைந்தும் இருந்தால் குற்றம் இடைவழியைச் சேர்ந்தது.

ஐந்தாவதாக இடைவழியின் இழப்பு. வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியை ஆல்ட்டர்னேட்டரின் வெளியீட்டு முனையிலும், மற்றதைப் பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்து, எல்லா விளக்குகளையும் எரியவிட்டு அளக்க வேண்டும். இழப்பு 0.5 வோல்ட்டைத் தாண்டலாகாது. அவ்வாறே ஆல்ட்டர்னேட்டரின் கூட்டுக்கும் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே 0.2 வோல்ட்டைத் தாண்டலாகாது. மீட்டரின் நுனி பாட்டரியின் ஈய முனையையே தொட வேண்டும். கவ்வியைத் தொட்டால், கவ்விக்கும் முனைக்கும் இடையிலுள்ள குறை தப்பிவிடும். மிகுந்த இழப்பு காணப்பட்டால், மீட்டரின் ஒரு கம்பியை இணைப்பு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வந்தால், அளவு திடீரென மாறும் இடத்தில் பழுது அகப்படும்.

ஆறாவது சோதனை, விளக்கின் இரு முனைகளுக்கும் இடையே நேராக அளப்பது. நெகட்டிவ் எர்த் உள்ள வண்டியில், மீட்டரின் சிவப்புக் கம்பியைச் சாவியின் பக்கமும் கறுப்புக் கம்பியை ஆல்ட்டர்னேட்டரின் பக்கமும் இணைத்து, பழுது தோன்றும் நிலையில் வண்டியை இயக்க வேண்டும். முள் முன்னே சென்றால் ஆல்ட்டர்னேட்டரின் பக்கம் தாழ்ந்துள்ளது, கருவியை ஆராயலாம். முள் பின்னே சென்றால் சாவியின் பக்கம் தாழ்ந்துள்ளது. கம்பியையும் சாவியையும் ஆராயலாம். விளக்கு சொல்ல மறந்த திசையை மீட்டர் சொல்லிவிடுகிறது. எம்.ஜி.பி. போன்ற ஆங்கில வண்டிகளில் கம்பிகளின் நிறமே இதற்குத் துணை செய்யும்: பழுப்பு நிறம் பாட்டரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவியைக் கடந்தது, பச்சை சாவியையும் ஃபியூஸையும் கடந்தது, பழுப்பில் மஞ்சள் கோடு உள்ளது எச்சரிக்கை விளக்கிலிருந்து மின்னாக்கிக்குச் செல்வது, கறுப்பு எர்த்.

இறுதியாக ஆல்ட்டர்னேட்டரின் உள்ளுறுப்புகள். அது உண்டாக்கும் மாறுமின்னோட்டத்தை டயோடுகள் நேர்மின்னோட்டமாக்குகின்றன. ஒரு டயோட் கெட்டாலும் கருவி ஓரளவு வேலை செய்யும். விளக்கு மங்கலாக மினுக்கும். இரவில் முழுச்சுமையைத் தாங்காது. மீட்டரை மாறுமின்னழுத்த அளவுக்கு மாற்றி, இயந்திரம் ஓடும்போது பாட்டரி முனைகளில் அளக்கும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடுகளை ஐயுறலாம். டயோட் ஒன்று ஒழுகினால், நிறுத்தி வைத்த வண்டியின் பாட்டரி ஓரிரவிலேயே தீர்ந்துவிடவும் கூடும். இச்சோதனைகள் யாவும் முடிந்து, குற்றம் கருவியிலேயே உள்ளது என்று நிலைநாட்டப்பட்ட பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

புதிய வண்டிகளில்

இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இயந்திரம், பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றைத் தனித்தனிக் கணிப்பொறிகள் ஆளுகின்றன. மின்னழுத்தம் ஒரு கணம் தாழ்ந்தாலும் அவை ஒவ்வொன்றும் தனித்தனியே முறையிடும். ஒரே நேரத்தில் நான்கைந்து எச்சரிக்கைகள் எரிவதைக் கண்டு, நான்கைந்து உறுப்புகள் கெட்டுவிட்டதாக அஞ்சுவது தேவையற்றது. தொடர்பற்ற பல எச்சரிக்கைகள் ஒருங்கே தோன்றி ஒருங்கே மறையுமானால், அவற்றுக்குப் பொதுவான மின்வழங்கலையும் எர்த் இணைப்புகளையும் முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

புதிய வண்டிகள் பலவற்றில் மின்னேற்றத்தின் அளவைக் கணிப்பொறியே கூட்டியும் குறைத்தும் வருகிறது. எரிபொருளைச் சேமிக்கும் பொருட்டு அது சில வேளைகளில் 13 வோல்ட்டுக்கும் கீழே இறங்கவும், சில வேளைகளில் 14.5 வோல்ட்டுக்கு மேலே ஏறவும் கூடும். ஆகையால் ஒரே ஓர் அளவைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது. அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்ப்பது இன்றியமையாதது. இழப்பை அளக்கும் முறை மட்டும் பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் பொதுவானது.

சில எச்சரிக்கைகள்

ஆல்ட்டர்னேட்டர் ஓடும்போது பாட்டரியின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டைனமோ காலத்திலிருந்து வந்தது. அது இன்று பெருந்தவறு. தாங்கியிருந்த பாட்டரி நீங்கியவுடன் அழுத்தம் ஒரு கணத்தில் பன்மடங்காக உயர்ந்து, டயோடுகளையும் கணிப்பொறிகளையும் கெடுத்துவிடும். பாட்டரியைக் கழற்றும்போது எர்த் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால், அருகே நெருப்போ தீப்பொறியோ கூடாது. மோதிரம், உலோகக் கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட வேண்டும். தளர்ந்த உடையும் தொங்கும் துணியும் ஓடும் பெல்ட்டின் அருகே செல்லலாகாது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

இக்கருத்துகளை ஆசிரியர்கள் இரண்டு எளிய சோதனைகளால் மாணவர்க்கு விளக்கலாம். முதற் சோதனைக்கு, நான்கு நான்கு உலர் மின்கலங்கள் கொண்ட இரண்டு தொடர்களை அமைக்க வேண்டும். இரண்டின் நெகட்டிவ் முனைகளையும் ஒன்றாக இணைத்து, பாசிட்டிவ் முனைகளுக்கு இடையே ஒரு 2.5 வோல்ட் டார்ச் விளக்கைப் பொருத்தினால் விளக்கு எரிவதில்லை. இடப்பக்கத் தொடரில் ஒரு கலத்தை நீக்கி இணைத்தால் விளக்கு ஒளிர்கிறது. அதை மீண்டும் வைத்து, வலப்பக்கத்தில் ஒன்றை நீக்கினாலும் அதே போல் ஒளிர்கிறது. விளக்கு வேறுபாட்டை மட்டுமே காட்டுகிறது, திசையைக் காட்டுவதில்லை என்பது மாணவர்க்குக் கண்கூடாகும். மின்கலங்கள் கெடாதிருக்க இதைச் சில விநாடிகளே செய்ய வேண்டும்.

இரண்டாவது சோதனைக்கு 12 வோல்ட் பாட்டரி ஒன்றும், 2.2 வாட் விளக்கு ஒன்றும், வண்டியின் பிரேக் விளக்காகப் பயன்படும் 21 வாட் விளக்கு ஒன்றும் போதும். துருப்பிடித்த இணைப்புக்குப் பதிலாக, 5 வாட் தாங்கக்கூடிய 1 ஓம் மின்தடையைத் தொடராகச் சேர்க்க வேண்டும். சிறிய விளக்கை எரியவிட்டால் தடையில் இழக்கப்படும் அழுத்தம் 0.2 வோல்ட்டை எட்டாது. விளக்கில் மாறுதல் எதுவும் தெரியாது. பெரிய விளக்கை எரியவிட்டால் இழப்பு சுமார் 1.5 வோல்ட் ஆகும். ஒளி மங்குவது கண்ணுக்குத் தெரியும். தடை ஒன்றே, சுமை மாறியதால் விளைவு மாறியது. பழுது பகலில் ஒளிந்து இரவில் வெளிப்படுவதன் காரணம் இதனால் விளங்கும்.

டிராக்டரையும் ஜீப்பையும் டீசல் பம்பையும் கையாளும் களப் பணியாளர்க்கும் இம்முறை அப்படியே பயன்படும். அவற்றிலும் பாட்டரியும் மின்னாக்கியும் எர்த் பட்டையும் உள்ளன. அவற்றிலும் பழுது பெரும்பாலும் இணைப்புகளிலேயே ஒளிந்திருக்கும். குறிப்பேட்டில் எழுதி, சுமையேற்றி, அளந்து, அதன் பிறகே பொருளை மாற்றுபவரிடத்தில் அச்சிறு சிவப்பு விளக்கு தன் மறைபொருளை நெடுநாள் காத்துவைக்க இயலாது.